அறுபது சொற்கள்

இஞ்சியோன் அருங்காட்சியகத்தில்
அட்டை எழுதுவது என் வேலை.
ஒரு பொருளுக்கு அறுபது சொல்.
அதற்குமேல் நின்று படிக்க
யாருக்கும் காலில் பலமில்லை என்பார்
இயக்குநர் திரு. மா.

இந்த வாரம் ஒரு நூற்பு இயந்திரம்.
ஓல்டாமில் வார்த்தது, ஒசாகாவில் ஓடியது,
ஆட்சி ஜப்பானுடையதாய் இருந்தபோது
கப்பலேறி இங்கே வந்தது.
கதிர்கள் மாற்றியாயிற்று, உருளைகள் மாற்றியாயிற்று,
பட்டை மூன்று முறை அறுந்தாயிற்று.
பழசாக எஞ்சியது பெயர்த்தகடு ஒன்றுதான்: 1889.

திரு. மா ஓர் அம்புக்குறி கேட்கிறார்.
"இடது பக்கம் ஐரோப்பா, நூற்றைம்பது ஆண்டு.
வலது பக்கம் நாம், முப்பதே ஆண்டு.
முதலில் ஆலை, அப்புறம் ஓட்டு.
பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்."

எனக்குத்தான் புரியவில்லை.
பொதிப் பட்டியலைப் பிரித்துப் பார்க்கிறேன்.
கதிர் நானூறு. பல்சக்கரம் அறுபத்தெட்டு.
எண்ணெய்க் குப்பி, திருகாணிப் பை,
ஆங்கிலத்தில் ஒரு கையேடு.
ஓட்டு என்று ஓர் உருப்படி இல்லை.
நடுக்கடலில் யாரும் திருடவில்லை.
ஏற்றிய துறையிலேயே இருப்பு குறைவு.

பட்டியலின் ஓரத்தில் ஒரு கையெழுத்து:
ஹெப்சிபா லீஸ், வைக்கோல் திணித்தவள்.
மீதியை நானாகக் கணக்குப் போட்டேன்.
இருபத்திரண்டு வயதென்று வைத்துக்கொண்டால்
வீடு புருஷன் பேரில், ஆகவே ஓட்டும் அவன் பேரில்.
அவளுக்கு வாக்குச்சாவடிக் கதவு திறந்தபோது
வயது ஐம்பத்தொன்று.
மூக்குக்கண்ணாடி இல்லாமல் சீட்டு தெரிந்திருக்காது.

ஒசாகாவில் பெட்டியை உடைத்த கொட்டகையில்
இனே என்றொரு பெண், பதினான்கு, இரவு முறை.
அந்த வருஷம்தான் அங்கே முதல் தேர்தல்.
நூறு பேருக்கு ஒருவர் ஓட்டுப் போட்டார்.
அந்த ஒருவருக்குச் சொந்த நிலம் இருந்தது, மீசையும் இருந்தது.
இனே எழுபது வரை உயிரோடிருந்தால்
குண்டு விழுந்து கூரை போன பள்ளிக்கூடத்தில்
வரிசையில் நின்றிருக்கலாம்.
இருந்தாளா? ஏடுகளில் இல்லை.

மால்சுக் மட்டும் கணக்கு இல்லை. பே மால்சுக்.
தொலைபேசியில் பேசினேன், இருமிக்கொண்டே பேசினார்.
ஓட்டு அவர் பிறக்குமுன்பே நாட்டில் இருந்தது.
அவர் ஆலைக்கு வந்தபோது இல்லை.
அதிபரை ஓர் உள்விளையாட்டரங்கில்
வேறு யாரோ கைதட்டித் தேர்ந்தெடுத்த காலம்.
இதை உங்கள் அம்புக்குறியில்
எந்தப் பக்கம் வரைவது, ஐயா?

எழுபத்தெட்டு, பிப்ரவரி. சங்கத் தேர்தல்.
நிர்வாகத்தின் ஆட்கள் வாளியோடு வந்தார்கள்.
சாயப்பட்டறைத் தண்ணீர்.
பெட்டி நிரம்பி வழிந்தது, நீலமாய்.
பெண்கள் அழுதார்களாம், கொஞ்ச நேரம்.
பிறகு சீட்டுகளை ஒவ்வொன்றாய் எடுத்து
நீராவிக் குழாய்மேல் பரப்பினார்கள்.
இயந்திரங்களுக்குச் சூடு கொண்டுபோகிற குழாய்.
விடியுமுன் காய்ந்துவிட்டது.

மூன்று சீட்டு படிக்க முடியவில்லை; தள்ளினார்கள்.
எதிரணிக்கு விழுந்த ஐம்பத்தேழை
ஒன்று விடாமல் எண்ணினார்கள்.
"ஏன் விடணும்? அதுவும் காய்ந்திருந்ததே" என்றார்.
அடுத்த மாதம் வேலை போயிற்று.
விரல் நீலம் போக இன்னும் கொஞ்சம் ஆயிற்று.
அதிபருக்கு அவர் ஓட்டுப் போட
ஒன்பது ஆண்டு பாக்கி இருந்தது.

எழுதி முடித்தேன். அறுபத்து நான்கு சொல்.
"நான்கை வெட்டுங்கள்" என்கிறார் திரு. மா.
'ஐரோப்பா' போகட்டும். 'ஆசியா' போகட்டும்.
'முப்பதே ஆண்டு' இரண்டு சொல்.

ஐம்பத்தேழு எண்ணாகத்தான் இருக்கிறது.
அதை எழுத்தால் எழுதினாலும்
ஒரே சொல்தான்.